பெயரும் எண்ணிக்கையும்: முதல் உலகப் போரில் மாண்ட நம் சிப்பாய்களை எங்கே தேடுவது?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போய்த் திரும்பாத உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தில்லி இந்தியா கேட்டில் பொறிக்கப்பட்டிருக்குமா என்பது ஒன்று. உங்கள் ஊரில் பதித்துள்ள பழைய கல்லில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கிறதே, மாண்ட வீரர்களை நினைவுகூரும் முறை இவ்வளவுதானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, பெரும்பாலும் இருக்காது என்பதே. ஆனால் அவர் பெயர் வேறோர் இடத்தில், வேறோர் ஏட்டில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அது ஏன் கல்லில் ஏறாமல் ஏட்டோடு நின்றது என்பதை அறிந்தால் இரண்டாவது கேள்விக்கும் விடை தெளியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியா கேட்டைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர் அனைவரின் பெயர்களும் அந்த வளைவில் உள்ளன என்று பலர் நம்புகிறார்கள். லுட்யன்ஸ் வடிவமைத்து, 1921 பிப்ரவரியில் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டி, 1931 பிப்ரவரி 12 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்து வைத்த அந்த 42 மீட்டர் உயரச் சின்னத்தில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பது உண்மை. ஆனால் அதன் உச்சியில் உள்ள வாசகத்தைக் கவனித்துப் படித்தால் இரண்டு வகையினர் தனித்தனியே குறிப்பிடப்படுவது தெரியும். பிரான்ஸ், பிளாண்டர்ஸ், மெசபடோமியா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்போலி ஆகிய இடங்களில் வீழ்ந்து அங்கேயே போற்றப்படுகிறவர்கள் என்று ஒரு வகையினர் பொதுவாகச் சொல்லப்படுகின்றனர். இந்தியாவுக்குள்ளும் வடமேற்கு எல்லையிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்து, இங்கே பெயர் எழுதப்பட்டவர்கள் மற்றொரு வகையினர். போரில் இறந்த இந்தியப் படையினர் 74,000-க்கும் மேற்பட்டவர்கள் என்பதை நினைத்தால், அந்த வளைவில் பெயர் பெற்றவர்கள் அவர்களில் சிறு பகுதியினரே. கடல் கடந்து மாண்டவர்களை அவரவர் மாண்ட நிலத்தில் தேட வேண்டும் என்பதே அந்த வாசகத்தின் பொருள்.

அப்படி மாண்ட இடத்திலேயே நினைவு வைக்கும் ஏற்பாட்டைச் செய்தது, 1917 மே மாதத்தில் அரச சாசனத்தால் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம். இன்று அது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் எனப்படுகிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவு ஒன்றை நடத்தப் பிரான்சுக்குப் போன ஃபேபியன் வேர் என்பவர், இறந்த வீரர்களின் புதைகுழிகளைக் குறித்து வைக்க எவரும் இல்லாததைக் கண்டு, தம் ஆட்களைக் கொண்டு குறிக்கத் தொடங்கிய பணிதான் இந்த ஆணையமாக வளர்ந்தது. 1918-இல் ஃபிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கையின் வழி அது ஏற்றுக்கொண்ட கொள்கைகள் அந்தக் காலத்துக்குப் பெரும் துணிச்சலானவை. இறந்த ஒவ்வொருவரின் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சுவரிலோ இருக்க வேண்டும். கற்கள் ஒரே அளவாக, நிலைத்து நிற்பவையாக இருக்க வேண்டும். பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு காட்டலாகாது.

பணமுள்ள குடும்பத்தார் தங்கள் பிள்ளைக்குத் தனியாகச் சிலுவையோ மண்டபமோ எழுப்ப முடியாது என்பதையும், உடலை ஊருக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் பிரிட்டனில் பலர் எதிர்த்தார்கள். 1920 மே மாதத்தில் நாடாளுமன்றத்திலேயே காரசாரமாக விவாதம் நடந்தது. ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லின் அடியில் 66 எழுத்துகளுக்கு மிகாமல் குடும்பத்தார் விரும்பும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள மட்டும் இடம் கொடுத்தது. தளபதியின் மகனும் வண்டியோட்டியின் மகனும் ஒரே உயரக் கல்லின் கீழ் உறங்குகிறார்கள் என்பதை நான் அந்த ஆணையத்தின் மறுக்க முடியாத பெருமையாகவே கருதுகிறேன். அதனால்தான் அது தன் சொல்லைக் காக்காமல் விட்ட இடங்கள் அவ்வளவு வலிக்கின்றன.

ஐரோப்பாவில் அந்தச் சொல் பெரிதும் காக்கப்பட்டது. வடபிரான்சில், 1915 மார்ச் 10 முதல் 13 வரை இந்தியப் படை கடுமையாகப் போரிட்ட நவ் ஷப்பல் என்ற ஊரில், ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய நினைவுச்சின்னம் 1927 அக்டோபரில் திறக்கப்பட்டது. அசோகர் தூண்களை நினைவூட்டும் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத் தூணும், அதன் இருபுறமும் காவலிருக்கும் கல் புலிகளும், வட்டமாகச் சூழ்ந்த சுவரும் கொண்ட அந்த இடத்தில், கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் சிப்பாய் வரை எழுதப்பட்டுள்ளன. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்து மெனின் வாயிலிலும் பிரிட்டிஷ், கனடிய, ஆஸ்திரேலிய வீரர்களின் பெயர்களுக்கு நடுவே இந்தியப் பெயர்களைப் படிக்கலாம். அந்த வாயிலில் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அவ்வூர்க்காரர்கள் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, மாண்ட வீரர்களுக்கான 'லாஸ்ட் போஸ்ட்' என்ற இறுதி ஊதலை ஊதுகிறார்கள். 1928-இல் தொடங்கிய அந்த வழக்கம் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் மட்டுமே அங்கே தடைப்பட்டது. தங்கள் ஊரைக் காக்க எங்கிருந்தோ வந்து மாண்டவர்களுக்காக ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் அந்தக் கடமைக்கு இணையாக நவீனக் காலத்தில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கொள்ளுத்தாத்தா போன மெசபடோமியாவில் நிலைமை வேறு. இந்தியப் படை மிக அதிகமாக ஈடுபட்ட களம் அதுதான்; சென்னை மாகாணத்துச் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவினரும் அங்கே பணியாற்றினர். குண்டுக்கும் வாளுக்கும் பலியானவர்களோடு, வெப்பத்துக்கும் காலராவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பலியானவர்களும் மிகப் பலர். அந்தக் களத்தில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச்சின்னம் 1929 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கே நினைவுகூரப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். ஆனால் அதன் கல் பலகைகளில் பிரிட்டிஷ் வீரர்கள் எல்லாப் படிநிலையிலும் பெயரோடு இருக்க, இந்தியர்களில் அதிகாரிகள் மட்டுமே பெயரோடு இருக்கிறார்கள். சாதாரணச் சிப்பாய்கள், ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும் 'மற்றும் இத்தனை இந்தியப் படைவீரர்கள்' என்று எண்ணிக்கையாக முடிகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் தெரியாமல் போய்விடவில்லை, பட்டியல்களில் இருந்தன. கல்லில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். அந்தச் சின்னமும் இன்று முதலில் நின்ற இடத்தில் இல்லை. ஆற்றங்கரைத் துறைமுகத்தருகே நின்ற அதனை 1997-இல் சதாம் உசேன் அரசு பெயர்த்தெடுத்து, நசிரியா செல்லும் சாலையில் பாலைநிலத்தில் மீண்டும் கட்டியது.

அதே மெசபடோமியாவின் அமாரா என்ற ஊரில் கதை இன்னும் கடினமானது. டைகிரிஸ் ஆற்றின் இடக்கரையில் உள்ள இந்தியப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 5,000 இந்தியப் படையினர் நினைவுகூரப்படுகின்றனர். அவர்களில் அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். அடக்கம் செய்தபோது இராணுவத்தினர் முறையான பதிவேடு வைக்கவில்லை என்பதே காரணம். அதே ஊரின் மற்றொரு கல்லறையில், மண்ணின் உப்பு கற்களை அரிப்பதைக் கண்டு 1933-இல் எல்லாக் கற்களையும் அகற்றிய ஆணையம், அங்கே உறங்குவோரின் பெயர்களைத் தனிச் சுவர் எழுப்பிப் பொறித்தது. பெயர்களைக் குறித்து வைத்திருந்ததால் கல் அழிந்தபின்னும் அவற்றை மீட்க முடிந்தது. இடக்கரையில் அந்த வழியே இல்லாமல் போயிற்று.

இந்த வேறுபாட்டை ஆணையமே பின்னாளில் ஆராய்ந்து, 2021 ஏப்ரலில் அறிக்கையாக வெளியிட்டது. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமை தூக்கிச் சென்று மாண்டவர்களே இவர்களில் மிகுதி. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த நிலத்து மக்களுக்குத் தனிக் கல்லறையின் அருமை விளங்காது என்று அக்கால அதிகாரிகள் சொன்ன காரணத்தை அறிக்கையில் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை அந்தக் காரணம் அறியாமையும்கூட. பேரரசின் ஆணையம் பிறப்பதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, போரில் வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் எழுதிய மண் இது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று, 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று சொல்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல் அது. அரசனின் பெயரோ புகழ்ச்சியோ அதில் இல்லை. யார், எந்த ஊர், எதனால் இறந்தான் என்ற மூன்று செய்திகளை அந்த ஊர் போதுமென்று கருதியிருக்கிறது. வழிதோறும் 'பெயரும் பீடும் எழுதி' மயிற்பீலி சூட்டிய நடுகற்கள் நின்றதை அகநானூறு சொல்கிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகக் கூறுகிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்று, எருமைகளைக் காக்க நின்று வீழ்ந்த வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதியிருக்கிறது. நாயின் பெயரைக்கூட விட்டுவிட மனம் வராத ஊர்க்காரர்களின் வழிவந்தவர்கள்தான் பஸ்ராவில் எண்ணிக்கையாக நிற்கிறார்கள்.

நடுகல் மரபில் இன்னொன்றும் உண்டு. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அந்தக் கொடையை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கல் நட்டதோடு கடன் தீர்ந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. கல்லும் கைவிடப்படவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் தெய்வங்கள் பல, இத்தகைய நடுகற்களே. எழுத்து தேய்ந்து, வீரனின் இயற்பெயர் மறந்துபோன பிறகும், இன்றும் யாரோ எண்ணெய் தடவி விளக்கு வைக்கிறார்கள்.

இனி உங்கள் ஊர்க் கல்லுக்கு வருவோம். போருக்குப் பின் சென்னை மாகாணத்திலும் பிற மாகாணங்களிலும் பல ஊர்களில் பதிக்கப்பட்ட அந்தக் கற்கள் ஏறத்தாழ ஒரே வாசகத்தைக் கொண்டவை. ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டுமே மாறும். பெயரில்லாத நினைவுச்சின்னம் எல்லாமே குறையுள்ளது என்று நான் சொல்லவில்லை. லண்டனில் உள்ள செனோடாப் என்ற போர் நினைவுச்சின்னத்திலும் எவர் பெயரும் இல்லை. 1920-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட வீரன் யாரென்று தெரியாதவன் என்பதே அதன் உயிர். மகனின் உடல் கிடைக்காத எந்தத் தாயும் அவனைத் தன் மகனாக நினைத்து அழ முடிந்தது. ஆனால் அங்கே அந்த மௌனத்துக்குப் பின்னால் ஊர்தோறும் தேவாலயத்திலும் சந்தை வெளியிலும் மாண்டவர்களின் முழுப் பெயர்ப் பட்டியல் இருந்தது. நம் ஊர்க் கல்லுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் வரவில்லை என்று ஊரே அறிந்த கணக்கை ஊருக்கே திருப்பிச் சொல்லியதோடு அது நின்றுவிட்டது. ஊரார் அதைத் தங்கள் கல்லாக எண்ணாமல் போனதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

பெயர் இல்லாமல் போனவர்களில் எதிரணியில் நின்ற நம்மவர்களையும் சேர்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மலேயாத் தோட்டங்களிலிருந்து பெருந்திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களில் மாண்டவர்களுக்கு, சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுத்தூண் சில வாரங்களே நின்றது. திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதைத் தகர்த்தது. 1995-இல் அந்த இடத்தில் ஒரு குறியீடு வைக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் நின்று மாண்டவர்களுக்கோ, அந்தப் போரில் முந்தைய குறை பெரிதும் களையப்பட்டது. பர்மாவில் தவுக்கியன் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னம் ஏறத்தாழ 27,000 பெயர்களைத் தாங்குகிறது. இந்தியச் சிப்பாய்களும் அங்கே பெயரோடு இருக்கிறார்கள். விடுதலைக்குப் பின் மாண்டவர்களுக்கு, 2019 பிப்ரவரி 25 அன்று தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் தியாகச் சக்கரத்தில், ஒருவருக்கு ஒரு கருங்கல் பலகை என்ற முறையில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாலை நிகழ்ச்சியில் மாண்டவரின் உறவினர் ஒருவரை அழைத்து மலர்வளையம் வைக்கச் செய்வது அங்கே நான் மிகவும் மதிக்கும் வழக்கம்.

உங்கள் தேடலை வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய பெட்டியில் பதக்கம் ஏதேனும் இருந்தால் அதன் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். படை எண், பெயர், பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, சிங்கமும் பெண்ணுருவமும் கொண்ட வட்ட வெண்கலத் தகடு கிடைத்தால், அது இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு அனுப்பிய நினைவுத் தகடு. சமத்துவம் கருதி அதில் பதவியைச் சேர்க்காமல் பெயரை மட்டும் எழுதினார்கள். பிறகு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கல்லில் ஏறாத பஸ்ராப் பெயர்கள் பலவும் அங்கே பதிவாக உள்ளன.

பெயரை மட்டும் இட்டுத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் முத்துசாமி, கோவிந்தன் போன்ற எளிய பெயர்களும் நாலைந்து வடிவங்களில் இருக்கும். படை எண் கிடைத்தால் அதைக் கொண்டு தேடுங்கள். இல்லையென்றால் பிரிவின் பெயரையும் இறந்த ஆண்டையும் வைத்து வடிகட்டுங்கள். கிடைக்கும் பதிவுகளில் பலவற்றில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டிருக்கும். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி என்ற அக்கால மாவட்டப் பெயர்களை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். அவர் துப்பாக்கி ஏந்திய சிப்பாயாக இல்லாமல் சமையற்காரராகவோ, கழுதை ஓட்டியாகவோ, டோலி தூக்குபவராகவோ போயிருந்தால், பதிவில் 'பின்தொடர்வோர்' (Follower) என்ற வகையில் இருப்பார். பலர் இந்த வகையைப் பார்க்காமலே தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தவை. அதே வளாகத்தில் நிற்கும் 1914-1918 நினைவுச்சின்னத்தில், இந்தியாவின் பல ஊர்களில் அடக்கமாகி, கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க இயலாமற்போன 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. உங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே இருக்க மாட்டார் என்றாலும், ஒரே அளவுக் கல் என்ற கொள்கை நேரில் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பார்க்கலாம்.

காலம் கடந்த பிறகு பெயர் சேர்க்க முடியுமா என்றால், முடியும். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துக்கு வெளியே, காயம்பட்டு அங்கே இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்ட குன்றில் 1921-இல் வெண்பளிங்கில் ஒரு சத்திரி, அதாவது குவிமாடம் கொண்ட சிறு நினைவு மண்டபம், எழுப்பப்பட்டது. அதில் எவர் பெயரும் இல்லை. 2010-இல் ஆணையம் அதன் அருகே தனிக் கல் வைத்து 53 பெயர்களையும் பொறித்தது. கிழக்கு ஜெர்மனியில் பராமரிக்க இயலாமற்போன ஜெரென்ஸ்டார்ஃப் கல்லறையிலிருந்த 210 இந்தியர்களின் பெயர்கள் 1964-இல் நவ் ஷப்பலில் வெண்கலப் பலகையாகச் சேர்க்கப்பட்டன. ஜெர்மனி ஒன்றான பின் அந்தக் கல்லறையும் மீட்டுச் சீரமைக்கப்பட்டது.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். பழைய கல்லில் புதிதாக எதையும் செதுக்க வேண்டாம். அது தன் காலத்துச் சான்றாக அப்படியே இருக்கட்டும். சுண்ணாம்போ பெயிண்டோ பூசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவோடு போனவர்களின் குடும்பங்களையும் கேட்டு, ஆணையத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பட்டியலை உறுதி செய்த பிறகு, ஊராட்சியின் ஒப்புதலோடு அருகிலேயே தமிழில் ஒரு கல் வைக்கலாம். பெயர், தந்தை பெயர், தெரு, பிரிவு, இறந்த இடம், ஆண்டு ஆகியவை போதும். சமையற்காரரும் டோலி தூக்கியவரும் சிப்பாய்களோடு ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பதிவுகளில் ஊர்ப் பெயர் தப்பாக எழுதப்பட்டவர்கள் பின்னால் ஒவ்வொருவராகத் தெரியவருவார்கள் என்பதால், கல்லின் அடியில் சில வரிகளுக்கு இடம் விட்டு வையுங்கள்.